பயோடீசலுக்கு எந்த எண்ணெய் எடுக்கலாம்? புங்கன்ல இருந்து சிப்ஸ் கடை எண்ணெய் வரைக்கும், பாலக்காட்டு எல்லையில இருந்து ஒரு முழு வழிகாட்டி

எங்க தோட்டம் கொழிஞ்சாம்பாறைக்கும் கோபாலபுரத்துக்கும் நடுவுல. ரேஷன் கார்டு கேரளா, சந்தைக்குப் போறது பொள்ளாச்சி, வீட்ல பேசுறது தமிழு, வில்லேஜ் ஆபீஸ்ல போய் நின்னா மலையாளம். இப்படி ரெண்டு பக்கமும் கால் வெச்சு பொழைக்கிறதுல ஒரு லாபம் என்னன்னா எண்ணெய் விஷயத்துல நமக்கு கிடைக்காத சரக்கே இல்லீங்க, வாய்க்கா கரையில புங்கமரம், கோயில் பக்கம் இலுப்பை, தோப்பு பூரா தென்னை, வேலியில காட்டாமணக்கு, அக்கட்டால நெம்மாறை மண்ணார்க்காடுன்னு போனா ரப்பர் கொட்டை, அப்புறம் ரோட்டுக்கு ரோடு நேந்திரங்கா சிப்ஸ் கடை. இதுல எதுல பயோடீசல் பண்ணலாம்னு ஆறு வருஷமா சின்ன அளவுல ஆகாத வேலையெல்லாம் பார்த்தவன் நான். எங்கிட்ட இருக்கிறது ஒரு பழைய பவர் டில்லர், எங்க அப்புச்சி காலத்து ஆயில் இன்ஜின் ஒண்ணு, அவ்வளவுதான். பேக்டரி வைக்கிறவங்களுக்கு இது பத்தாது, எண்ணெய்ய எப்படி ஒண்ணோட ஒண்ணு வெச்சு எடை போடறதுன்னு கத்துக்கணும்னு நினைக்கிறவங்களுக்குத்தான் இது.

யூடியூப்ல பார்த்தா எல்லாரும் ஒரு டேபிள் போடுவாங்க, புங்கன்ல இத்தனை சதவீதம் எண்ணெய், காட்டாமணக்குல இத்தனை, பாமாயில் ஏக்கருக்கு இவ்வளவுன்னு. அந்த டேபிள நம்பி நானும் இறங்குனேன். மொத தடவ புங்க எண்ணெய் 20 லிட்டர் டின் வாங்கிட்டு வந்து மெத்தனால (சாராய வகைல ஒரு விஷ ரசாயனம்) ஊத்தி கலக்குனா, மறுநாள் காலைல பானை முழுக்க பாயசம் மாதிரி கொழகொழன்னு சோப்பு. எங்க வீட்டம்மா அதுல ஒரு மாசம் டில்லர் கழுவுனாங்க. அதே புங்க எண்ணெய், அடுத்த வருஷம் வேற செக்குல அன்னைக்கு ஆட்டுனத வாங்குனேன், கண்ணாடி மாதிரி பிரிஞ்சு வந்துச்சு. மரமும் ஒண்ணு பேரும் ஒண்ணு, டின்னுதான் வேற. அன்னைக்கு புரிஞ்சுது, எண்ணெயோட பேர வெச்சு ஒப்பிட்டா பிரயோஜனம் இல்ல, கையில இருக்கிற டின் இன்னைக்கு எவ்வளவு புளிச்சுப் போயிருக்குதுன்னு பார்த்துத்தான் மத்ததெல்லாம்.

எதுக்கு மாத்தணும், அப்படியே ஊத்துனா என்ன?

எங்க அப்புச்சி கேட்டாரு, "ஏங்கண்ணு, கடலெண்ணெய்ய அப்படியே ஊத்துனா ஓடாதா?" ஓடும். 1900-ல பாரிஸ் கண்காட்சியில ஓட்டோ கம்பெனி ஒரு சின்ன டீசல் இன்ஜின கடலெண்ணெய்லயே ஓட்டிக் காட்டுச்சு. (ஆகஸ்ட் 10 உலக பயோஃப்யூல் தினத்தன்னைக்கு வருஷா வருஷம் வாட்ஸப்ல 1893-லயே டீசல் கடலெண்ணெய்ல ஓட்டுனார்னு வரும், அது தப்பு, 1893-ல இன்ஜின் மொத மொதல்ல ஓடுச்சு, கடலெண்ணெய் கதை 1900.) ஆனா எண்ணெய் டீசல விட பத்து மடங்கு கிட்ட கெட்டி. 40 டிகிரியில டீசல் 2-ல இருந்து 4 சொச்சம் சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மைய அளக்குற கணக்கு), எண்ணெய்ங்க 30-ல இருந்து 40. நாசில்ல சரியா தூவாது, பாதி எரிஞ்சு கரி கட்டும், கொஞ்ச நாள்ல ரிங்கு ஒட்டிக்கும். மெத்தனாலும் கொஞ்சம் காரமும் (மொளகா காரம் இல்ல, அமிலத்துக்கு எதிரான ரசாயனம், கேஓஎச் மாதிரி) சேர்த்து அந்த எண்ணெய் மூலக்கூற மூணா உடைச்சு கிளிசரின கழட்டி விட்டா கெட்டித்தன்மை 4, 5-க்கு இறங்கிடும். அதான் பயோடீசல். கணக்கு சுலபம், 100 கிலோ எண்ணெய்க்கு 11 கிலோ மெத்தனால் செலவாகும், கிட்டத்தட்ட 100 கிலோ பயோடீசலும் 10, 11 கிலோ கிளிசரினும் வரும். ஆனா ரியாக்சன் முழுசா நடக்கணும்னா மெத்தனால ரெட்டிப்பா ஊத்தியாகணும், அதனால நடைமுறையில எண்ணெய் லிட்டருக்கு 200-ல இருந்து 250 மில்லி.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி: மெத்தனால்

இத தாண்டிட்டுப் போயிடாதீங்க. மெத்தனால் விஷம், குடிச்சாத்தான்னு இல்ல, ஆவிய இழுத்தாலும் தோல்ல பட்டாலும் உள்ள போகும், கண்ணு போகும். தீப்பிடிச்சா பகல்ல சுடர் கண்ணுக்கே தெரியாது. வாங்கவும் வைக்கவும் லைசன்ஸ் வேணும், தமிழ்நாட்டுல இதுக்குன்னே 1959-ல போட்ட விதிகள் இருக்குது, 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில மெத்தனால் கலந்த சாராயத்துல அத்தன பேர் செத்ததுக்கு அப்புறம் கேனோட செக்போஸ்ட் தாண்டுறதெல்லாம் நினைச்சுக்கூட பார்க்காதீங்க. அதனால நான் சொல்ற வழி, எண்ணெய் சோதனை வரைக்கும் வீட்ல பண்ணுங்க, மெத்தனால் தேவைப்படுற சாம்பிள் பேட்ச் லைசன்ஸ் இருக்கிற காலேஜ் லேப்ல இல்ல தெரிஞ்ச யூனிட்ல பண்ணுங்க. எங்க பக்கம் இன்ஜினியரிங் காலேஜுக்கு பஞ்சமா என்ன, ப்ராஜெக்ட்டுக்கு அலையுற பசங்க நிறைய பேர். இன்னொண்ணு, பண்ணுன பயோடீசல வெளிய விக்கணும்னா 2019-ல பெட்ரோலிய அமைச்சகம் போட்ட வழிகாட்டுதல் படி பதிவு வேணும், தரம் ஐஎஸ் 15607-ங்கிற இந்தியத் தர அளவுக்கு வரணும்.

படி 1: என்ன எண்ணெய், எங்கிருந்து, எப்ப ஆட்டுனது

மொத வேலை நோட்டு புக். ஒவ்வொரு டின்னுக்கும் ஒரு நம்பர் போட்டு எண்ணெய் பேரு, வெதை பொறுக்குன மாசம், ஆட்டுன தேதி, மழை நனைஞ்சுதா, எந்த பாத்திரத்துல இருந்துச்சுன்னு எழுதுங்க. பேரு விஷயத்துல எல்லைக்காரங்களுக்கு ஒரு தொல்லை இருக்குது, புங்கன அக்கட்டால "உங்ஙு"ம்பாங்க, காட்டாமணக்க "கடலாவணக்கு"ம்பாங்க. நம்மாளு ஒருத்தன் போன்ல கடலாவணக்கு எண்ணெய்ன்னு சொன்னத கடலெண்ணெய்ன்னு நினைச்சு விலை பேசிட்டான், நல்லவேளை சமையல்கட்டுக்குப் போகல, ஏன்னா காட்டாமணக்கு எண்ணெய் விஷம்.

தேதி ஏன் முக்கியம்னா, வெதை ஈரத்தோட கிடந்தா அதுல இருக்கிற நொதியே எண்ணெய்ய உடைச்சு கொழுப்பு அமிலமா பிரிச்சு விட்டுடும். அதுதான் நான் புளிப்புன்னு சொல்றது, லேப்காரங்க எஃப்எஃப்ஏம்பாங்க. மரத்துல இருக்கிறப்ப நல்ல வெதை, பொறுக்கி மூட்டைல கட்டி மழைக்காலம் பூரா குடோன்ல போட்டா நாசம்.

படி 2: தண்ணி இருக்குதான்னு பாக்குறது

ஒரு கரண்டி எண்ணெய்ய சின்ன வாணலியில சூடு பண்ணுங்க. படபடன்னு வெடிச்சா தண்ணி. அவ்வளவுதான் டெஸ்ட். தண்ணி இருந்தா 105, 110 டிகிரிக்கு கொண்டுபோய் வெடிக்கிறது நிக்கிற வரைக்கும் வெச்சு ஆற விடணும், அப்புறம் பழைய வேட்டித் துணியில வடிகட்டணும்.

படி 3: புளிப்பு அளக்குறது

இதுதான் இந்த வழிகாட்டியோட உயிர்நாடி, இத மட்டும் கத்துக்கிட்டா கூட போதும்.

தேவையானது: ஐசோப்ரோபைல் ஆல்கஹால், கேஓஎச் அதாவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, டிஸ்டில்டு வாட்டர், பினாப்தலீன் சொட்டு மருந்து, மெடிக்கல் ஷாப்ல 1 மில்லி, 10 மில்லி சிரிஞ்சு. 1 கிராம் கேஓஎச்ச 1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர்ல கரைச்சு வெச்சுக்கோங்க. நகைக்கடை தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு ஆன்லைன்ல மலிவா கிடைக்குது, சமையல் தராசு வேண்டாம், 1 கிராம்ல அது பொய் சொல்லும். 10 மில்லி ஆல்கஹால்ல ரெண்டு மூணு சொட்டு பினாப்தலீன் விட்டு, எண்ணெய் போடறதுக்கு முன்னாடியே கேஓஎச் தண்ணிய ஒரு சொட்டு ரெண்டு சொட்டு விட்டு லேசா ரோஸ் வர வைங்க, ஏன்னா ஆல்கஹாலுக்கே கொஞ்சம் புளிப்பு இருக்கும். அப்புறம் 1 மில்லி எண்ணெய் சேர்த்து கலக்குனா ரோஸ் போயிடும். இப்ப சிரிஞ்சுல அளந்து அளந்து கேஓஎச் தண்ணி விடுங்க, கலக்கிக்கிட்டே விடுங்க, கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுட்டு பாக்கணும், ரோஸ் வந்து அரை நிமிஷம் நின்னா நிறுத்திடலாம். எத்தனை மில்லி ஆச்சுன்னு எழுதுங்க. மூணு தடவ பண்ணி சராசரி எடுங்க.

அந்த மில்லிய ஏறக்குறைய பாதியாக்குனா எஃப்எஃப்ஏ சதவீதம். 5 மில்லி வந்தா 2.7 சதவீதம் மாதிரி, 22 மில்லி வந்தா 12. என்னோட சோப்பு பாயசம் 22 மில்லி, நான் அப்ப அளக்கல, மிச்சம் இருந்த டின்ன பின்னாடி அளந்து பார்த்துத்தான் தலையில அடிச்சுக்கிட்டேன்.

நம்பர் வந்தாச்சு, என்ன பண்றது? நான் வெச்சிருக்கிற கோடு இது. 2, 3 மில்லிக்குள்ள வந்தா நல்ல சரக்கு, நேரா காரம் போட்டு ஒரே படியில முடிச்சிடலாம். 5, 6 வரைக்கும் பண்ணலாம் ஆனா கொஞ்சம் சோப்பு வரும், கழுவுறது தொல்லை. அதுக்கு மேல போனா போடுற காரத்த அமிலமே தின்னுட்டு சோப்பாயிடும், அந்த சோப்பு நல்ல எண்ணெயையும் சேர்த்து பிடிச்சு வெச்சுக்கும், அதனால 10 சதவீத எஃப்எஃப்ஏன்னா 10 சதவீதம்தான் நட்டம்னு நினைக்காதீங்க. அந்த மாதிரி எண்ணெய்க்கு மொதல்ல சல்பூரிக் ஆசிட்டும் மெத்தனாலும் போட்டு அமிலத்த எஸ்டரா, அதாவது பயோடீசலாவே மாத்தி, வர்ற தண்ணிய பிரிச்சு எடுத்து, அப்புறம் காரப்படிக்கு வரணும். ரெண்டு படி, மெத்தனால் செலவும் அதிகம், ஆசிட் வேற. தோட்டத்து ஷெட்ல பண்ற வேலை இல்ல அது.

ஒரு எச்சரிக்கை, சிப்ஸ் கடை எண்ணெய்ல ஏற்கனவே மஞ்சத்தூள் இருக்கும். மஞ்சள் காரத்துல செவப்பாகும்னு நமக்கு ஆரத்தி தட்டுலயே தெரியும்ல, அதனால ரோஸ் எது மஞ்சளோட செவப்பு எதுன்னு குழம்பும். வெள்ளை பேப்பர் மேல வெச்சு, சொட்டு மருந்து போடாத இன்னொரு டம்ளர பக்கத்துல வெச்சு பாருங்க.

படி 4: குளிர்ல உறையுமா, வெச்சா பிசின் ஆகுமா

ரெண்டு கேள்வியும் ஒரே விஷயத்தோட ரெண்டு முனை. எண்ணெய்ல கெட்டிக்கொழுப்பு ஜாஸ்தின்னா சீக்கிரம் உறையும் ஆனா கெடாது. இளகுன கொழுப்பு ஜாஸ்தின்னா குளிர்ல ஓடும் ஆனா காத்து பட்டு பிசின் கட்டும். அயோடின் நம்பர்னு ஒண்ணு இருக்குது, அத வெச்சு பாக்குறது வழக்கம், நம்பர் ஏற ஏற இளகுன கொழுப்பு ஜாஸ்தின்னு அர்த்தம். தேங்கா எண்ணெய் 7-ல இருந்து 10, பாமாயில் 50 சொச்சம், புங்கன் 80-ல இருந்து 95, கடலை அதே பக்கம், காட்டாமணக்கு 100 கிட்ட, சூரியகாந்தியும் ரப்பர் கொட்டையும் 120, 130-ன்னு மேல. ஐரோப்பாக்காரங்க 120-க்கு மேல வேண்டாம்னு கோடு போட்டிருக்காங்க. ஆளிவிதை எண்ணெய் 170-க்கு மேல, அதனாலதான் அது பெயின்ட்ல போகுது, காயுறதுதான் அதுக்கு வேலையே.

உறையுறதுக்கு லேப் வேண்டாம், பண்ணுன பயோடீசல ஒரு சின்ன பாட்டில்ல தெர்மாமீட்டரோட ஃப்ரிட்ஜ்ல வைங்க, எந்த டிகிரியில மங்குதுன்னு பாருங்க. பாமாயில் பயோடீசல் 13-ல இருந்து 16-லயே மங்கிடும். எங்க பக்கம் பாலக்காட்டு கணவாய்ல மார்கழி காத்து அடிச்சாலும் அவ்வளவு கீழ போறது அபூர்வம், அதனால சமவெளியில பாமாயில் ஓட்டலாம், ஆனா அதே டேங்கோட வால்பாறை ஏறி ராத்திரி நிறுத்துனீங்கன்னா காலைல ஃபில்டர் அடைச்சிருக்கும். தேங்கா எண்ணெய் கதைதான் வேடிக்கை. எண்ணெயா இருக்கிறப்ப 24, 25 டிகிரியிலயே பாட்டில்ல உறையுது, எல்லா வீட்லயும் பார்த்திருப்போம், ஆனா பயோடீசலா மாத்துனா கிட்டத்தட்ட 0 டிகிரி வரைக்கும் தாங்கும், ஏன்னா அதோட கொழுப்பு சங்கிலி குட்டை. இதத்தான் டேபிள் பார்த்து ஏமாறுறாங்க, எண்ணெய் உறையுறத வெச்சு பயோடீசல் உறையும்னு முடிவு கட்டக்கூடாது.

படி 5: ஒரு சாம்பிள் பேட்ச்

அரை லிட்டர் எண்ணெய் எடுத்து 55 டிகிரிக்கு சூடு பண்ணுங்க, மெத்தனால் 64.7-ல கொதிக்கும், அதனால 60-ஐ தாண்ட வேண்டாம். கேஓஎச் கணக்கு: லிட்டருக்கு அடிப்படை 7 கிராம், கூட படி 3-ல வந்த மில்லி எத்தனையோ அத்தனை கிராம். கடையில கிடைக்கிற கேஓஎச் 85, 90 சதவீதம்தான் சுத்தம், அதனால நான் 7-க்கு பதிலா 8 வெச்சுக்குவேன். 3 மில்லி வந்த எண்ணெய்க்கு 8-உம் 3-உம் 11 கிராம், அரை லிட்டருக்கு 5.5. இத 110-ல இருந்து 125 மில்லி மெத்தனால்ல கரைச்சு (வெளிய திறந்த இடத்துல, கண்ணுக்கு கண்ணாடியும் கைக்கு கையுறையும் போட்டு, கரையும்போது சூடாகும்) எண்ணெய்ல ஊத்தி ஒரு மணி நேரம் கலக்கணும். பாத்திரம் எவர்சில்வர் இல்ல கெட்டி பிளாஸ்டிக் கேன், அலுமினிய குண்டா கூடவே கூடாது, காரம் அத தின்னு ஹைட்ரஜன் வாயு விடும். சோடியம் ஹைட்ராக்சைடு மலிவுதான், ஆனா அதுல அடியில தங்குற கிளிசரின் கல்லு மாதிரி இறுகிடும், கேஓஎச்ல தண்ணியாவே இருக்கும், வடிக்க சுலபம்.

ராத்திரி பூரா விட்டா அடியில கறுப்பா கிளிசரின், மேல தெளிவா பயோடீசல். மேல இருக்கிறத எடுத்து 3 மில்லிய 27 மில்லி மெத்தனால்ல போட்டு ஆட்டுங்க. முழுசா கரைஞ்சா மாறியிருக்குது, அடியில சொட்டு தங்குனா மாறாத எண்ணெய் மிச்சம். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணியில மூணு நாலு தடவ கழுவி, தண்ணி போக காய்ச்சி, எத்தனை மில்லி தேறுச்சுன்னு நோட்டுல எழுதுங்க. அந்த கடைசி மில்லிதான் ஒப்பீடு, மத்ததெல்லாம் அதுக்கு காரணம்.

தேங்கா எண்ணெய்க்கு மட்டும் ஒரு மாத்தம். குட்டை சங்கிலின்னு சொன்னேன்ல, அதனால ஒரு லிட்டர்ல மூலக்கூறு எண்ணிக்கை ஜாஸ்தி, மத்த எண்ணெய்ய விட மூணுல ஒரு பங்கு மெத்தனால் கூட வேணும், லிட்டருக்கு 300 மில்லி பக்கம். நான் 220 ஊத்திட்டு 3/27 டெஸ்ட்ல ஏன் தங்குது ஏன் தங்குதுன்னு ரெண்டு மாசம் மண்டைய உடைச்சேன்.

இனி ஒவ்வொரு எண்ணெயா

புங்கன். என்னோட கட்சி இது. வெதையில 30 சதவீத சொச்சம் எண்ணெய், நம்ம ஊர் எக்ஸ்பெல்லர்ல கால்வாசி கைக்கு வரும், அதாவது 4 கிலோ வெதைக்கு ஒரு கிலோ. கசப்பு, சாப்பாட்டுக்கு ஆகாது, அதனால சமையல்கட்டோட போட்டி இல்ல. ஒலீக் அமிலம்தான் பெரும்பங்கு, அதனால குளிரும் ஓரளவு தாங்கும் பிசினும் கட்டாது. புண்ணாக்கு நல்ல உரம், அத வித்த காச கணக்குல கழிச்சா எண்ணெய் விலை நல்லா இறங்கும். கர்நாடகாவுல பெங்களூர் ஐஐஎஸ்சி பேராசிரியர் உடுப்பி ஸ்ரீநிவாசா இந்த எண்ணெய்ல கிராமத்து ஜெனரேட்டர் ஓட்டுனவர். ஆதிலாபாத் பக்கம் பவர்குடான்னு ஒரு ஆதிவாசி கிராமம், அப்ப ஆந்திரா இப்ப தெலங்கானா, 2003-ல புங்கமரம் நட்டத வெச்சு 147 டன் கார்பன் கணக்க உலக வங்கிக்கே வித்தாங்க. கொறை என்னன்னா மரம் காய்க்க அஞ்சாறு வருஷம், பொறுக்குற கூலி, அப்புறம் மேல சொன்ன புளிப்பு. செக்குக்காரர்கிட்ட "அண்ணா, இந்த வருஷத்து வெதையா போன வருஷத்து வெதையா"ன்னு கேட்டுட்டு, கேட்டதுக்கு அப்புறமும் அளந்து பார்த்துட்டு காசு குடுங்க.

காட்டாமணக்கு. இதப்பத்தி பேசுனாலே வயித்தெரிச்சல். 2003-ல திட்டக்குழு தேசிய பயோடீசல் மிஷன்னு ஆரம்பிச்சு 2011-12-க்குள்ள டீசல்ல 20 சதவீதம் கலக்கலாம்னு இலக்கு வெச்சாங்க, தரிசுல போடு தண்ணி வேண்டாம் உரம் வேண்டாம்னு ஊர் ஊரா சொன்னாங்க. தண்ணி இல்லாம செடி சாகாது, அது வாஸ்தவம், ஆனா காய்க்கவும் காய்க்காது. காய் ஒண்ணா பழுக்காது, வாரா வாரம் ஆள் விட்டு பறிக்கணும், அந்த கூலிக்கு கட்டுமா? எங்க பெரியப்பா ரெண்டு ஏக்கர் போட்டு நாலாம் வருஷம் பிடுங்கி தென்னங்கன்னு வெச்சாரு. எண்ணெய்ன்னு பார்த்தா மோசம் இல்ல, 30-ல இருந்து 38 சதவீதம் இருக்குது, பயோடீசலும் நல்லாவே வரும். பழசானா புளிப்பு 14, 15 சதவீதம் வரைக்கும் போகும். புண்ணாக்கு மாட்டுக்கு ஆகவே ஆகாது, வெதைய குழந்தைங்க எடுத்து தின்னுடாம பாத்துக்கோங்க. 2018 தேசிய பயோஃப்யூல் கொள்கையில இலக்கு 2030-க்குள்ள 5 சதவீதம்னு இறங்கிடுச்சு, 20 எங்க 5 எங்க.

தேங்கா எண்ணெய். பயோடீசலுக்கு அருமையான சரக்கு, சுத்தமா எரியும், கெடாது. பிலிப்பைன்ஸ்ல சட்டம் போட்டு 2007-ல இருந்து தேங்கா எண்ணெய் பயோடீசல டீசல்ல கலக்குறாங்க, 1 சதவீதத்துல ஆரம்பிச்சு 2009-ல 2 ஆக்குனாங்க. ஆனா நம்ம பக்கம் 2025 ஓணம் சமயத்துல லிட்டர் 400 ரூபாய தாண்டுச்சு. அத எடுத்து டில்லர்ல ஊத்துறவன ஊரே கல்லால அடிக்கும்.

பாமாயில். ஏக்கருக்கு எண்ணெய் கணக்குல இதுக்கு கிட்ட எவனும் வர முடியாது, எக்டேருக்கு 4 டன் பக்கம். இந்தோனேசியா 2025-ல டீசல்ல 40 சதவீதம் இதத்தான் கலக்குது. நாமளோ அவங்ககிட்ட இறக்குமதி பண்றவங்க, இறக்குமதி பண்ணி எரிக்கிறதுக்கு டீசலயே வாங்கிட்டுப் போலாம்.

இலுப்பை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரைன்னு சொல்லுவாங்க, வேற எண்ணெய் இல்லாத ஊருக்கு இது. புளிப்பு 20 சதவீதம் பக்கம் வரும், கிட்டத்தட்ட பாதி கெட்டிக்கொழுப்பு, கொஞ்சம் குளிர்ந்தாலே நெய் மாதிரி ஆகும். கோயில் விளக்குக்கு நல்ல எண்ணெய், அங்கயே இருக்கட்டும். வேம்பும் இதே ரகம், கூட கந்தக நாத்தம் வேற, பூச்சிமருந்துக்கு குடுத்தா நல்ல விலை. புன்னை கடலோரத்து மரம், பருப்புல எண்ணெய் 65 சதவீதத்துக்கு மேல, படகுக்கு பூசுவாங்க, புளிப்பு ஜாஸ்தி, கன்னியாகுமரிக்காரங்க பார்த்துக்கட்டும்.

வெளக்கெண்ணெய் பத்தி நிறைய பேர் கேப்பீங்க. அதுல 85, 90 சதவீதம் ரிசினோலிக்னு ஒரே அமிலம், அதனால மத்த எண்ணெய்ய விட ஆறேழு மடங்கு கெட்டி, பயோடீசல் ஆக்குன பின்னாடியும் 15 சென்டிஸ்டோக்ஸ் பக்கம் நிக்கும். தனியா ஆகாது.

ரப்பர் கொட்டை அக்கட்டால சும்மா கொட்டிக் கிடக்குது, கேட்டா எடுத்துட்டுப் போன்னுவாங்க. ஆனா அது விழுறதே மழைக்காலத்துல, ஈரத்துல ஒரு வாரம் கிடந்தா போச்சு. கோழிக்கோடு என்ஐடிகாரங்க 2005-ல இத பண்ணிக் காட்டுனாங்க, அவங்க எடுத்த எண்ணெய்ல 17 சதவீதம் எஃப்எஃப்ஏ, ரெண்டு படி முறையிலதான் கொண்டு வந்தாங்க. லேப் பக்கத்துல இருந்தா முயற்சி பண்ணலாம், அயோடின் நம்பர் அதிகம்கிறதால பண்ணுன உடனே ஓட்டி தீர்த்துடணும்.

இப்ப சிப்ஸ் கடை. சித்த விரிவா சொல்லோணும், ஏன்னா எங்க ஏரியாவுல ஜெயிக்கிறது இதுதான். உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ 2018 ஜூலைல இருந்து எண்ணெய்ல மொத்த போலார் பொருள் (பொரிக்கப் பொரிக்க எண்ணெய் கெட்டு சேர்ற சமாச்சாரம்) 25 சதவீதத்த தாண்டுனா திரும்ப பொரிக்கக் கூடாதுன்னு வெச்சிருக்குது, ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல பொரிக்கிற கடை கணக்கு எழுதி வைக்கணும், அந்த பழைய எண்ணெய் பயோடீசலுக்குப் போகணும்னுதான் ரூக்கோன்னு திட்டமே. காட்டுல பொறுக்க வேண்டாம், செக்குல ஆட்ட வேண்டாம். ஆனா "பழைய எண்ணெய்"ங்கிறது ஒரே சரக்கு இல்லீங்க. நேந்திரங்கா வறுக்குறப்ப மஞ்சளும் உப்பும் கரைச்ச தண்ணிய எண்ணெய்லயே தெளிப்பாங்க, அதனால அடியில உப்பு, ஈரம் ரெண்டும் இருக்கும், ரெண்டு நாள் அசையாம வெச்சு மேலாக்க எடுத்து படி 2-ஐ கட்டாயம் பண்ணணும். புளிப்பு மட்டும் கம்மியா இருக்கும், என் நோட்டுல பெரும்பாலும் 2-ல இருந்து 4 மில்லி. பரோட்டா, வடை கடை எண்ணெய்ல மாவுத் துணுக்கு, புளிப்பு கூட. மீன் வறுத்தது நாறும், டில்லர் புகையில கூட தெரியும், நாய் பின்னாடி வரும்.

அதவிட பெரிய சிக்கல், தேங்கா எண்ணெய் விலை ஏறுனதுக்கு அப்புறம் போர்டுல "வெளிச்செண்ணெய்"ன்னு (மலையாளத்துல தேங்கா எண்ணெய்) எழுதிட்டு உள்ள பாமாயில்ல வறுக்குற கடை இருக்குது. மெத்தனால் கணக்கே மாறிடும்ல. நான் கேனை வாங்குன உடனே கொஞ்சத்த சின்ன பாட்டில்ல ஃப்ரிட்ஜ்ல வைப்பேன், நல்ல தேங்கா எண்ணெய்ன்னா வெள்ளை மெழுகா ஒரே மாதிரி இறுகும், பாமாயில் கலந்திருந்தா மஞ்சளா திப்பித்திப்பியா வரும். ஒரு கடை சேட்டன்கிட்ட நேராவே கேட்டேன், "மோனே, பகுதி பகுதி"ன்னுட்டு, அதாவது பாதிக்குப் பாதின்னுட்டு சிரிச்சாரு. அந்த நேர்மைக்காகவே அவர்கிட்ட வாங்குறேன், மெத்தனால் 260-ன்னு வெச்சு ஓட்டுறேன்.

படி 6: காசு கணக்கு

ரூபா போட்டு எழுதுனா நீங்க படிக்கிறப்ப விலை மாறியிருக்கும், அதனால முறைய மட்டும் சொல்றேன். வீட்டு வாசலுக்கு வந்து சேர்ற எண்ணெய் லிட்டர் விலை, அத தேறுற அளவால வகுங்க, அதாவது லிட்டருக்கு 900 மில்லி தேறுனா 0.9-ஆல. மெத்தனால், கேஓஎச், வெறகு, ஆள் கூலி சேருங்க. வெதை வாங்கி ஆட்டுனா புண்ணாக்கு காச கழிங்க. கடைசியா ஒண்ணு எல்லாரும் மறக்குறது, பயோடீசல் லிட்டருக்கு லிட்டர் டீசல விட 8 சதவீதம் மாதிரி சக்தி கம்மி, அதனால வந்த தொகைய 0.92-ஆல வகுத்துட்டுத்தான் பங்க் விலையோட ஒப்பிடணும். என் அனுபவத்துல எண்ணெய் விலை டீசல் விலைல பாதிக்கு மேல போனாலே தேறாது. இப்ப பழைய எண்ணெய்க்கும் கம்பெனி வண்டி வந்து விலை கேக்குது, அதனால கடைக்காரங்களும் உஷாராயிட்டாங்க, சும்மா குடுத்த காலம் போச்சு.

ஓட்டுறப்ப

பிஎஸ்6 வண்டியில கை வைக்காதீங்க, அதோட புகை ஃபில்டர் சமாச்சாரம் வேற. பழைய டில்லர், ஆயில் இன்ஜின்னா மொதல்ல 5 பங்கு டீசலுக்கு 1 பங்கு பயோடீசல்னு கலந்து ஆரம்பிங்க. பயோடீசல் டேங்க்ல இருபது வருஷமா ஒட்டியிருக்கிற அழுக்கையெல்லாம் கழுவிட்டு வந்து ஃபில்டர்ல கொட்டும், நான் மொத ரெண்டு டேங்குக்கு மூணு ஃபில்டர் மாத்துனேன். பழைய ரப்பர் டியூப் உப்பி இளகிடும், அத மாத்திட்டு ஆரம்பிங்க, இல்லன்னா நடு வயல்ல டியூப் பிதுங்கி நிக்கும். அப்புச்சி இன்ஜின் இன்னும் ஓடுது, புகை வர்றப்ப நேந்திரங்கா வாசம் வருதுன்னு பக்கத்து தோட்டத்து பொடுசுங்க வந்து எட்டிப் பார்த்துட்டுப் போகுதுங்க.